இருபத்தோரு மாத்திரை

நாற்பத்திரண்டு வயது முடிந்த அன்று காலையில் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த பிறந்த நாளுக்குள் அப்பா ஆகிவிட வேண்டும். மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும்.

அவள் பிரசவ வார்டில் நர்ஸ். இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவை பத்தாவது வாரம். தான் வேலை பார்க்கும் வார்டிலேயே படுத்து, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதுக்கு என்னென்ன வந்திருக்கும்?"

"இதயம் துடிச்சிருக்கும். விரல் தனித்தனியாப் பிரிஞ்சிருக்கும். போதுமா?"

போதும். பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு வருஷமாவது உடம்பு தேறட்டும் என்று டாக்டர் சொல்ல, அவள் கருத்தடை மாத்திரை போட ஆரம்பித்தாள். தினமும் ஒன்று, அட்டைக்கு இருபத்தொன்று. அந்த அட்டையைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மருந்துக்கடைக்காரரிடம் போய், அதே அளவில், அதே மஞ்சளில், கெடுதல் செய்யாத மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார்.

"போலிக் ஆசிட் இருக்கு. கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே சாப்பிட்டா குழந்தைக்கு மூளையும் முதுகுத்தண்டும் நல்லபடியா உருவாகும்."

பேரிலேயே போலி. இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்?

தன் கடிகாரக் கடையில் கண்ணுக்கு லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அட்டையின் முதுகுத் தாளை மயிரிழை அளவுக்குக் கீறினார். இடுக்கியால் ஒன்றை எடுத்து, ஒன்றை வைத்து, ஒட்டினார். இருபத்தோரு தடவை மூச்சைப் பிடித்தார். பெண்டாட்டியை ஏமாற்றுகிறோமே என்று மனசின் ஒரு மூலையில் குத்தியது. சத்து மாத்திரைதானே என்று அந்த மூலையை அடைத்தார்.

அவள் மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டையும் சேர்ந்து விழுங்கியது. இப்படியே இரண்டு அட்டை தீர்ந்து மூன்றாவது ஓடியது.

"சோர்வா இருக்கா?"

"பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வரேன். வேற எப்படி இருக்கும்?"

"வாந்தி ஏதாவது?"

"நீங்க சமைச்ச அன்னிக்கு வரும்."

ஒரு மத்தியானம் அவள் பாதி வேலையில் வீடு திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது. கை அடிவயிற்றைப் பிடித்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"ரத்தம் ரொம்பப் போகுது. வெந்நீர்ப் பை எடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று பாட்டில் ரத்தம் நினைவுக்கு வந்தது. பிரிந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. பிறந்த நாள் முடிவு, மருந்துக்கடை, லென்ஸ், ஒட்டு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினார்.

"இதுவும் போச்சு. என்னாலதான் போச்சு. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

அவள் பையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"போறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. இது மாதவிலக்கு. கரு தங்காம இருக்கக் கர்ப்பப்பையில காப்பர்-டி வச்சா முதல் சில மாசம் அதிகமாத்தான் போகும்."

"காப்பர்-டியா? எப்போ வச்ச?"

"நீங்க ஒட்டின முதல் அட்டையைப் பார்த்த வாரமே. வார்டுல தினமும் அம்பது பேருக்கு அந்தப் போலிக் ஆசிட் மாத்திரையை எண்ணிக் குடுக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் முழுங்கின?"

"சத்து மாத்திரைதானே. போன ரத்தம் ஊறட்டும்னுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களா?"

அவள் குரலை உயர்த்தாமலே பேசினாள்.

"அன்னிக்கு மூணாவது பாட்டில் ஏறும்போது கால் ரெண்டும் சில்லுனு போயிருச்சு. இதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். நான் போயிட்டா வீட்டுச் சாவி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதேன்னு கவலைப்பட்டேன். நீங்க உங்க பிறந்த நாளைப் பத்திக் கவலைப்பட்டிருக்கீங்க."

அவர் அழுதார். அவள் தடுக்கவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அது எத்தனை நாள் உள்ள இருக்கும்?"

"பத்து வருஷம்."

"நடுவுல எடுக்கலாமா?"

"எடுக்கலாம். நான் கேட்டா எடுப்பாங்க."

அவர் தலையை ஆட்டினார். அவள் வெந்நீர்ப் பையை அவரிடம் நீட்டினாள்.

"ஆறிப்போச்சு. மாத்திக் கொண்டாங்க. மாத்துறதுதான் உங்களுக்குக் கைவந்த வேலையாச்சே."