அர்ஷாக் தேர்ந்தெடுத்த காபட்

இது நான் நேரில் பார்த்த கதை இல்லை. துறைமுகத்தில் அர்ஷாக்கோடு வேலை செய்யும் முனாப் எனக்குச் சொன்னது. முனாப்புக்குச் சொன்னவர் அர்ஷாக். ஆகவே அர்ஷாக் மிகவும் கெட்டிக்காரராகத் தெரியும் இடங்களை வாசிப்பவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

அர்ஷாக் கிண்ணியாவில் கலியாணம் முடித்து ஏழு வருஷம். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு, பெண்ணுக்கு வாப்பா கட்டிக் கொடுத்தது. மாப்பிள்ளை ஒரு சூட்கேஸோடு வந்து குடியேறினார். கதிரை, அலுமாரி, திரைச்சீலை எல்லாம் மனைவி நிப்லாவின் தெரிவு. சுவரின் பச்சை, மாமியாரின் தெரிவு. கட்டிலில் மாப்பிள்ளை எந்தப் பக்கம் படுப்பது என்பதுகூட அவர் வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. அவர் கொண்டுவந்து மாட்டிய ஒரே பொருள் துறைமுகக் கலண்டர். அதுவும் இப்போது குசினிக் கதவுக்குப் பின்னால்.

பெருநாளுக்கு அவருடைய அக்கா, றஹ்மா ராத்தா, குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். ராத்தா வரும்போதெல்லாம் ஹோலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல உன்ட எதுடா தம்பி?" என்று கேட்பார். ஏழு வருஷமாக அர்ஷாக் குசினிக் கதவுப் பக்கம் கையைக் காட்டுவார்.

இந்தத் தடவை, சகன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராகத் தரையில் இருந்து சாப்பிட, விரிப்பாக ஒரு பெரிய காபட் தேவைப்பட்டது. அர்ஷாக் தீர்மானித்துவிட்டார். அது அவருடைய தெரிவாகத்தான் இருக்கும்.

நிப்லாவின் போனில் ரெண்டு படம் இருந்தது. ஒன்று கோடு போட்ட நீலம். மற்றது வட்ட வட்டமாகப் பெரிய பூப்போட்ட சிவப்பு.

"நீலம்தான் வடிவு," என்றார் நிப்லா. "சிவப்பப் பாத்தாலே தல சுத்துது."

ஒரு கிழமையாக இதே கதை. அவ்வளவு போதும். அர்ஷாக் சிவப்பில் உறுதியாக நின்றார். ஒரு பூவுக்கு ஒரு சகன் வைக்கலாம். கறி சிந்தினாலும் தெரியாது. ஆனால் நேரே கேட்டால் கிடைக்காது. அவர் எதைப் புகழ்ந்தாலும் நிப்லா அதைத் தொடமாட்டார். இது அவருடைய ஏழு வருஷ ஆராய்ச்சி முடிவு.

"நான் நீலத்தப் புகழப்போறன் மச்சான்," என்றார் முனாப்பிடம். "அவ தானாச் சிவப்புக்கு வருவா."

"அவக்கு நீலம்தானே விருப்பம்?"

"என்ட வாயால வந்தா அந்த விருப்பம் போயிரும்."

சனிக்கிழமை காலை அர்ஷாக்கும் நிப்லாவும் பாலத்துக்கு அப்பால் டவுனில் ஸப்வான் நானாவின் கடைக்குப் போனார்கள்.

"இந்த நீலத்தப் பாரு புள்ள," என்று அர்ஷாக் தொடங்கினார். "என்ன குளிர்ச்சி. வேற ஒண்டும் பாக்கத் தேவல்ல."

நிப்லா ஒரு மூலையைப் புரட்டிப் பார்த்தார்.

"கிழமையில ஆறு நாள் கடலத்தானே பாத்துக்கொண்டு இரிக்கீங்க. வீட்டுக்குள்ளயும் கடல் வேணுமா?"

"நீதானே நீலம் எண்டு சொன்னாய்."

"நான் சொன்னது வேற நீலம்."

"எந்த நீலம்?"

"இஞ்ச இல்லாத நீலம்."

அர்ஷாக்கின் மனம் துள்ளியது. முகத்தை மட்டும் தொங்கப்போட்டார். நிப்லாவின் கண் கடையை ஒரு சுற்றுச் சுற்றிச் சிவப்பில் வந்து நின்றது.

"அது எப்பிடி?"

"அதா? கலியாண மண்டபம் மாதிரி. அதுல இரிக்க எனக்கு ஏலாது."

"ஏலாட்டி கதிரையில இரிங்க. காபட்ல நாங்க இரிக்கிறம்."

அர்ஷாக் ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, உன்ட விருப்பம்" என்றார். அந்தப் பெருமூச்சை வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருந்தாராம்.

ஸப்வான் நானா உள்ளே போய், ஓரமெல்லாம் தைத்துக் கயிறு கட்டிய சுருள் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பதினொண்டுக்குப் பதினாலு. உங்கட ஹோலுக்கு அளவாயிரிக்கும் தம்பி."

ஹோலைப் பார்க்காமலே அளவு சொல்லும் கடைக்காரரின் அனுபவத்தை அர்ஷாக் மனதுக்குள் மெச்சினார். மதிய லுஹர் தொழுகைக்கு முன்பே காபட் ஓட்டோவின் கூரையில் ஏறிப் பாலத்தைத் தாண்டியது. விரித்துப் பார்த்தால், கதவு முட்டவில்லை, மூலை மடியவில்லை.

பெருநாளன்று ராத்தா வழக்கம்போலக் கேட்டார்.

"நீங்க இரிக்கிற காபட். என்ட தெரிவு," என்றார் அர்ஷாக். சொன்ன கையோடு பயந்துபோய் நிப்லாவைப் பார்த்தார்.

"ஓம் மதினி," என்றார் நிப்லா, பெரிய பூவின் நடுவில் சகனை வைத்தபடி. "அவர்ட தெரிவுதான்."

கடையில் தான் எதிர்த்து நின்ற சிவப்பை இப்போது தன்னுடைய தெரிவு என்று நிப்லா ஏன் ஒத்துக்கொண்டார் என்று அர்ஷாக் யோசிக்கவில்லை. வென்றவர் எதற்கு யோசிக்க வேண்டும்? அடுத்த நாளே துறைமுகத்தில் முனாப்புக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, முழுக் கதையையும் ரெண்டு தடவை சொன்னாராம்.

எனக்குத்தான் அந்த அளவு விஷயம் இடித்தது. போன மாதம் டவுனுக்குப் போனபோது ஸப்வான் நானாவின் கடையில் விசாரித்தேன். அங்கே அந்தக் காபட் ரோலாகத்தான் வரும். கேட்கும் அளவுக்கு வெட்டி ஓரம் தைக்க நாலு நாள் எடுக்கும். சிவப்பில் பதினொன்றுக்குப் பதினாலு என்று நிப்லா அளவு கொடுத்துவிட்டுப் போனது அந்தச் சனிக்கு முந்திய திங்கட்கிழமை.