ஹெக்டர் வைத்த செடி

தொட்டியில் மண் இருந்தது, செடி இல்லை. நாலடி தள்ளி ஒரு காட்டு வான்கோழி முட்டையிடக் குவித்த தன் குப்பை மேட்டைக் காலால் சீய்த்துக்கொண்டே நெவிலை ஒரு பார்வை பார்த்தது. மேட்டின் உச்சியில் செடி வேர் வானத்தைப் பார்க்கத் தலைகீழாகக் கிடந்தது. தண்டு இரண்டாக ஒடிந்திருந்தது.

நெவில் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போய் ஏழு வருடம். மழைக்குப் பேர்போன டல்லி ஊர்ப் பனை வளர்ப்போர் சங்கத்தில் விதைகளைப் பாதுகாக்கும் பொறுப்பு அவருடையது. ஈரத் தென்னைநாரோடு விதையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வீட்டு வெந்நீர் பாய்லர் மேல் கதகதப்பாக வைத்து, அடைக்கோழி மாதிரி மாதக்கணக்கில் காத்திருக்கிற ஆசாமி. அதை நம்பித்தான் மேவிஸ் அந்தச் செடியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, முழங்கால் ஆபரேஷனுக்காக டவுன்ஸ்வில்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

மேவிஸ் ஊருக்குக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது. சங்கக் கூட்டத்தில் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து நெவில் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார்.

"என் ஹெக்டர் சாகறதுக்கு முன்னாடி கடைசியா போட்ட விதை நெவில் இது. சிவப்பிலைப் பனை. ஒரு வருஷம் கழிச்சுதான் முளைச்சுது. உங்களை விட்டா யாரை நம்பறது?" என்று சொல்லிக் கொடுத்தாள். தொட்டி பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தது. செத்த புருஷன் மேல் என்ன மரியாதை என்று நெவில் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இப்போது என்ன செய்வது?

"நம்மகிட்ட இல்லாத கன்னா!" என்று தன்னையே தேற்றிக்கொண்டு கொல்லைப்புற நிழல்வலைக் கூடாரத்துக்கு நடந்தார். நாற்பது சின்னத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பேர் எழுதிக் குச்சி நட்டிருந்தார். எழுதியது என்னவோ சாதாரணப் பேனாவால். டல்லி மழையும் டல்லி வெயிலும் சேர்ந்து எல்லாக் குச்சியையும் வெள்ளையாக்கி வைத்திருந்தன. கன்றுகளோ எல்லாம் ஒரே அச்சு, மீன்வால் மாதிரி பிளந்த இரண்டு இலை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து மேவிஸின் புதுத் தொட்டியில் நட்டார்.

மாலை ஆறு மணிக்கு வழக்கம்போலப் போன் அடித்தது.

"செடி எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு, மேவிஸ்."

"சரி, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க? மறுபடியும் டோஸ்ட்தானா?"

தினமும் இப்படித்தான். செடிக்கு ஒரு நிமிஷம், மற்ற பேச்சுக்கு நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்துக்காகத்தான் நெவில் காலையில் எழுந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் போன் அடிக்காது. அது மட்டும் அவரால் தாங்க முடியாது.

குற்ற உணர்ச்சி சும்மா இருக்க விடுமா? நாக்கு தானாகப் புரண்டது. "மேவிஸ், குருத்து விரியப்போவுது! நுனி செக்கச்செவேல்னு தெரியுது!"

"சிவப்பாவா? நிஜமாவா?" என்றாள்.

"சத்தியமா."

"அப்போ நான் ஞாயித்துக்கிழமையே வந்துடறேன்!"

நெவிலின் அடுக்களையில் டீ குடித்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்த நண்பர் ரெனாடோ, கரும்பு விவசாயி, சங்கச் செயலாளர், கோப்பையை வைத்தார். "முதல் சிவப்பு இலையா? டேய், இதை முன்னாடியே சொல்றதில்ல?" டல்லியில் அது ஒரு சடங்கு. சிவப்பிலைப் பனையின் குருத்து சிவப்பாக விரிந்து, பத்து நாளில் பச்சையாகிவிடும். அதற்குள் சங்கமே கேக்கோடு வந்து பார்த்தாக வேண்டும். நெவில் வாயைத் திறப்பதற்குள் ரெனாடோ பதினாலு பேருக்குத் தகவல் அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை இலை விரிந்தது. பச்சை. வெட்கமே இல்லாத பச்சை.

நெவில் அலமாரியைக் குடைந்து ஒரு டின் பீட்ரூட்டை எடுத்தார். சாற்றைப் பிரஷ்ஷால் மூன்று பூச்சு பூசினார். பார்க்க நன்றாகவே இருந்தது. அரைமணியில் மழை கொட்டியது. சிவப்பு ஒழுகித் தொட்டியைச் சுற்றிக் குளம் கட்டியது. செடியைத் துணி துவைக்கும் அறைக்குத் தூக்கிப்போய் மறுபடி பூசினார். டின் சாற்றில் சர்க்கரை இருந்தது அவருக்கு நினைவில்லை. சனிக்கிழமை காலை ஊர் எறும்பெல்லாம் அந்த இலையில். எறும்பு மருந்து அடித்தார். எறும்பு போயிற்று, இலை அப்பளமாகச் சுருண்டது.

ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் சங்கமே நின்றது. மேவிஸ் கைத்தடியோடு மெல்ல ஏறி வந்தாள், பின்னால் கார் ஓட்டி வந்த மகள் லொரெய்ன். ரெனாடோ குனிந்து இலையை முகர்ந்தார்.

"டேய் நெவில், என்னடா இது, பர்கர்ல வெக்கிற பீட்ரூட் வாசனை அடிக்குது?" தொட்டார். விரல் சிவந்தது.

நெவில் தொப்பியைக் கழற்றினார். "மேவிஸ், ஹெக்டர் வெச்ச செடியை வான்கோழி பிடுங்கிடுச்சு. இது என் கன்னு. என்ன ஜாதின்னுகூட எனக்குத் தெரியாது. சொன்னா நீங்க போன் பண்றதை நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

மேவிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோனாள். அழப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கேக்கை யாரும் தொடவில்லை, லொரெய்னைத் தவிர. அவள் வாய் நிறைய கேக்கோடு தாயையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா வெச்ச செடியா? அவர் ஒரு புல்லைக்கூட நட்டதில்லையே! ஏம்மா, இவர்கிட்ட தினம் போன்ல பேச ஒரு சாக்கு வேணும்னு, என் வீட்டுக்குக் கிளம்பற அன்னிக்கு என்னை ஹார்டுவேர் கடையில நிறுத்தச் சொல்லி வாங்கினியே, அந்தச் செடியோட தொட்டிதானே இது?"