ஆகாயத்துக்கு இடம் விட்டவர்

பூதங்கள் ஐந்து. அவற்றில் மண், நீர், நெருப்பு, காற்று நான்கும் அதனதன் பாட்டுக்கு இருக்கின்றன. அவற்றால் குடும்பத்தில் பெரிதாகச் சண்டை வருவதில்லை. ஐந்தாவதான ஆகாயத்தை உடம்பில் சமன் செய்தே தீருவேன் என்று கிளம்புகிறவர் இருக்கிறாரே, அவரோடு காலம் தள்ளுவதுதான் கஷ்டம். ஆகாயக்காரர் என்று அவருக்குப் பெயர் வைப்போம். தெருவுக்கு ஒருவர் நிச்சயம்.

நம்முடைய ஆகாயக்காரர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். தூக்கம் சரியில்லை என்று ஆயுர்வேத வைத்தியரிடம் போனார். வாயுவும் ஆகாயமும் உடம்பில் கூடிவிட்டன, சூடாகச் சாப்பிடுங்கள், வயிற்றில் கால்பங்கைக் காலியாக விடுங்கள், பேச்சைக் குறையுங்கள் என்றார் வைத்தியர். ஆகாயம் கூடிவிட்டது என்பதை நம்மவர் வாசற்படியிலேயே மறந்துவிட்டார். காலி என்பது மட்டும் நினைவில் நின்றது. வயிற்றையா காலி செய்தார்? வீட்டை.

சோபா போனது. சாப்பாட்டு மேசை போனது. புத்தக அலமாரி, கண்ணாடி பீரோ, மனைவி ஆசையாக வாங்கிய மூலை ஸ்டாண்டு எல்லாம், ஆகாயம் புழங்க இடம் வேண்டும் என்ற ஒரே விளக்கத்தோடு, ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கின. அவருடைய சாய்வு நாற்காலி மட்டும் இருந்தது. ஆகாயத்தைப் பற்றி யோசிக்க உட்கார வேண்டாமா?

அடுத்தது மௌனம். ஞாயிறு காலை முழுக்க வாய் திறக்கமாட்டார். அந்த மௌனத்தின் மகிமையைச் சனிக்கிழமை முழுக்கப் பேசித் தீர்ப்பார். மாடி வீட்டு ஓய்வுபெற்றவர்கள் இருவர் சீடர்களாகச் சேர்ந்தார்கள். நடுவில் ஒரு சொல் பேசினாலும் சேர்த்த ஆகாயமெல்லாம் ஓட்டைப் பானைத் தண்ணீராய்ப் போய்விடும் என்று அவர்களுக்குப் போதித்திருந்தார்.

மிச்சமிருந்தது மனைவியின் தையல் மெஷின். ஜன்னலோரத்தில் அதை வைத்துப் பள்ளிச் சீருடை தைத்துத்தான் அந்த அம்மாள் தன் கைச்செலவுக்கு யாரிடமும் போய் நிற்காமல் இருந்தாள். பள்ளி திறக்கப் போகிறது; வெட்டிய துணி மலையாகக் கிடக்கிறது. அவரோ, ஆகாயத்தின் குணம் ஓசை, மெஷின் சத்தம் அதைக் கிழிக்கிறது என்று பழைய சாமான் கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டார். அவள் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கடைக்காரர் வண்டியோடு வந்து நின்றார். வந்தது ஞாயிறு காலை. கடைக்கு அன்றுதான் விடுமுறை. சீடர்கள் கண் மூடி உட்கார்ந்திருக்க, ஆகாயக்காரர் எழுந்து மெஷினைக் காட்டினார், வாசலைக் காட்டினார், இரண்டு கையையும் கூரைக்கு விரித்தார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் கடைக்காரர்.

அந்த அம்மாள் ஒரு காலரை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வானமே இடிஞ்சு விழுந்தாலும் மெஷினைத் தரமாட்டாராம்."

ஆகாயக்காரர் இல்லையென்று தலையைப் பலமாக ஆட்டினார்.

"பாருங்க, எவ்வளவு உறுதியா இருக்காரு."

அவர் வாசலை நோக்கி விரலைக் குத்திக் குத்திக் காட்டினார்.

"உங்களைப் போகச் சொல்றாருண்ணே. கோவிச்சுக்காதீங்க, நல்ல மனுஷன்தான்."

சொல் அவருடைய தொண்டைவரை வந்துவிட்டது. சீடர்கள் ஆளுக்கொரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள். மெஷினா, மானமா? வாயை மூடிக்கொண்டு, பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

"வண்டியை வெறுமனே திருப்பறதா?" என்று முனகினார் கடைக்காரர்.

"அதான் தொட்டுக் காட்டுறாரே, இந்த நாற்காலியை எடுத்துக்கச் சொல்லி."

சாய்வு நாற்காலி படியிறங்கியது. மெஷின் ஓடத் தொடங்கியது. மதியம் வாய் திறந்ததும், வெறுந்தரையில் உட்கார்ந்தபடி, ஆசனத்தைத் துறந்ததில் கிடைத்த பேரானந்தத்தை அவர் சீடர்களுக்கு விளக்கினார். மனைவி மெஷின் பெடலை இன்னும் வேகமாக மிதித்தாள்.

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே, நம் வீட்டிலும் எத்தனை அடைசல் என்று சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டீர்கள் அல்லவா? வெளியே போக வேண்டியவை என்று நினைத்ததில், உங்களுடைய பொருள் ஒன்றாவது இருந்ததா?