காற்றோட்டக் கயிறு

பென்னாகரத்துக்கு அருகே ஒரு வேதக்கோயிலில் சாதி அறவே கிடையாது என்று 1937-இல் சபைக் கமிட்டி ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. நடுவே ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தது. முன்னால் நிலமுள்ள ஊர்க்காரர்கள், பின்னால் சேரிக்காரர்கள். மினிட்டுப் புத்தகத்தில் அதற்குக் 'காற்றோட்டக் கயிறு' என்று பெயர். எழுதியவர் காரியதரிசி மாரப்பன். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வைத்துவிட்டால் பாவம் போய்விடும் என்பது அவர் அங்கே கற்ற வேதம்.

சேரிக் கருப்பிக்கு அது விளங்கவில்லை. ஒரு ஞாயிறு, கயிற்றுக்கடியில் குனிந்து முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஏ கருப்பி, எந்திரி. காத்து தடைபடுது" என்றார் மாரப்பன்.

"நான் ஒருத்தி ஒக்காந்தா நின்னு போற காத்தாங்க அது? சாமி சிலுவையில செத்தப்ப கோயில் திரையே கிழிஞ்சு போச்சுன்னு பாதிரி அய்யரு சொன்னாரே. கயிறு மட்டும் எப்பிடீங்க நிக்குது?"

மாரப்பன் ஆழ்ந்து யோசித்தார். "திரை துணி. இது கயிறு."

கமிட்டி இந்த வேறுபாட்டை அங்கீகரித்தது. இன்னொரு தரம் தாண்டினால் கருப்பி பெயர் சபை ஜாபிதாவிலிருந்து நீங்கும். தை மாதம் அவள் மகள் ராணிக்குக் கோயிலில் கல்யாணமும் நடக்காது. கருப்பி வீட்டுக்குப் போய் அழுதாள்.

அடுத்த மாதம் பிஷப் துரை விஜயம். கயிறு 'மராமத்துக்காக' அவிழ்க்கப்பட்டது. இல்லாத கயிற்றைத் தாண்ட முடியாதே என்று கருப்பி முன்னால் போய் உட்கார்ந்தாள். அவள் பின்னால் சேரியே வந்து உட்கார்ந்தது. ஊர்க்காரர்கள் தீ பட்டவர்களைப் போல எழுந்து வெளித் தாழ்வாரத்துக்குப் போனார்கள்.

துரை உருகிவிட்டார். "முன்னிடத்தை எளியவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் சபை!" என்று நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதைக் கண்ணாடி போட்டு மாட்டிய பிறகு பழையபடி உட்கார வழியில்லை. ஊருக்குத் தாழ்வாரத்தில் பெஞ்சு வந்தது. காற்றும் அங்கேதான் நன்றாக வந்தது. சேரிப் பெரியவர் நாகன் கமிட்டி மெம்பரானார்.

மார்கழியில் தோல் தைக்கிற மூன்று குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றுக் கடைசியில் வந்து உட்கார்ந்தன. நாகன் திரும்பிப் பார்த்தார்.

"காரியதரிசி அய்யா, அந்தக் கயிறு எங்கீங்க?"

மாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் எடுத்துவந்து, சேரிக்கும் புதியவர்களுக்கும் நடுவே தம் கையாலேயே கட்டினார்.

"நாகண்ணா, இதென்னா?" என்றாள் கருப்பி.

"நமக்குன்னு ஒரு மருவாதி வேணாமா புள்ள?"

"நேத்துதான வந்துச்சு மருவாதி. அதுக்குள்ளவா கயிறு கேக்குது?"

"சும்மா இரு. அடுத்த வாரம் ஒம்மவளுக்குக் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும்."

கருப்பி மகளைப் பார்த்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு கயிற்றுக்கடியில் குனிந்து பின்னால் போனாள். தோல் தைக்கிற குள்ளம்மாள் பதறி நகர்ந்து இடம் விட்டாள். "நகராதக்கா," என்று ஒட்டி உட்கார்ந்தாள் கருப்பி. கொஞ்ச நேரத்தில் ராணியும் குனிந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முன்னாலிருந்து பின்னால் தாண்டுவதைத் தடுக்க விதி இல்லை. அதனால் கமிட்டி அவசரமாகக் கூடியது. நாகன் பிரேரேபித்தார், மாரப்பன் ஆமோதித்தார். கருப்பி பெயர் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டது, ஓலை நிறுத்தப்பட்டது. ஊரும் சேரியும் ஒன்றாகக் கையெழுத்திட்ட முதல் தீர்மானம் என்பதால் நகல் பிஷப் துரைக்குப் போனது.

இந்த ஒற்றுமைக்காகத் துரை ஆண்டவரை ஸ்தோத்திரித்துப் பதில் எழுதினார். அதையும் கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.