மூன்று மூட்டை ஸ்கூட்டர்

வாங்காதே என்று விற்பவரே சொன்ன பிறகும் ஒரு பொருளை வாங்கியவன் நான். ஏமாந்தவர்களுக்கெல்லாம் திட்டித் தீர்க்க ஓர் ஏமாற்றுக்காரனாவது இருப்பான். எனக்கு அந்த ஆறுதலும் இல்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு, கல்யாணமாகி எட்டு மாதம். ஊருக்குப் போனால், "டேங்க் செய்யறோம்" என்று சொல்லிக்கொள்வேன். அந்த 'றோம்'மில் என் பங்கு, கருவி அறையின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, காலையில் டோக்கனை வாங்கிக்கொண்டு ஸ்பேனரைக் கொடுப்பது. சாயங்காலம் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு டோக்கனைக் கொடுப்பது. ஐந்து வருஷம் ஸ்பேனர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததில், அவற்றை உபயோகிக்கவும் எனக்குத் தெரியும் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. (பாத்திரக் கடைக்காரர் தன்னைச் சமையல்காரர் என்று நினைத்துக்கொண்ட கதைதான்.)

புது ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பூந்தமல்லியில் ஜமால் பாய் என்பவரின் காயலான் கடையில் அந்தக் காலத்து இத்தாலி ஸ்கூட்டர் ஒன்று அக்கக்காகக் கழற்றிப் போட்டுக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூன்று சாக்கு மூட்டைகளைக் காட்டினார்.

"இதான் தம்பி. ஆனா வேணாம்."

"ஏன் பாய்?"

"இதுல ஒண்ணரை வண்டி கீது. ஆனா ஒரு வண்டி இல்ல."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று காட்டிக்கொள்ளவும் மனசில்லை.

"ரெண்டு வண்டியக் கழட்டி ஒண்ணா கொட்டி வெச்சுட்டான் இதை எனக்குக் குடுத்தவன். எது எதோட சேரும்னு அவனுக்கே தெரியல. முழுசா இருக்கிறது ஆர்.சி. புக் மட்டும்தான். எடைக்குப் போடலாம்னு வெச்சிருக்கேன். நீ சின்னப் பையன், கல்யாணமானவன் மாதிரி வேற இருக்கே. வேணாம்."

ஒரு வியாபாரி இவ்வளவு உண்மை பேசினால் சந்தேகப்படுவதுதானே புத்திசாலித்தனம்? நான் சந்தேகப்பட்டேன். நல்ல சரக்கை வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறார், என்னைத் தட்டிக் கழிக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நானே விலையை ஏற்றிக்கொண்டு போனேன். கடைசியில் மனுஷர் தலையில் கைவைத்துக்கொண்டு, "எடுத்துக்கினு போ தம்பி, அல்லா உன்னக் காப்பாத்தட்டும்" என்றார். பேரத்தில் ஜெயித்த மிதப்போடு வெளியே வந்தேன்.

மூட்டைகளை மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். ஓட்ட வந்தவர் மூட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஒரு காயலாங்கடைலேர்ந்து இன்னொரு காயலாங்கடைக்கா?"

"இல்லப்பா, வீட்டுக்கு."

"ஊட்டுக்கா? ஊட்டம்மாக்குத் தெரியுமா?"

தெரியாது. என் மனைவி கோமதி திருநெல்வேலிக்காரி. இயற்பியல் படித்து, பி.எட். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். மூட்டைகள் கூடத்தில் இறங்கியதும், "என்னங்க இது?" என்றாள்.

"ஸ்கூட்டர்."

அவள் மூன்று மூட்டைகளையும் ஒருமுறை சுற்றி வந்தாள். "எந்த மூட்டைல நான் உக்காரணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் ஏழு மாதம் எங்கள் வீட்டில் மூன்று பேர் குடித்தனம் செய்தோம்: நான், கோமதி, அவன். எஞ்சின் கட்டிலுக்குக் கீழே. கைப்பிடி ஜன்னல் கம்பியில். மட்கார்டு குளியலறையில் (அதில் ஒருநாள் துணி ஊற வைத்திருந்தாள், நான் கோபித்துக்கொண்டேன்). அளவு வாரியாகப் பிரித்து வைக்கத் தோதாக இருந்ததால், அவளுடைய அஞ்சறைப் பெட்டியை நட்டு போல்ட்டுகளுக்கு எடுத்துக்கொண்டேன். கடுகும் சீரகமும் காகிதப் பொட்டலத்துக்குக் குடிபெயர்ந்தன. ஒருநாள் ரசத்தில் ஒரு வாஷர் கிடைத்தது. "கிடைச்சிருச்சா! ரெண்டு நாளா இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்று நான் துள்ளிக் குதித்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாடி வீட்டில் தேவசகாயம் அண்ணன் இருந்தார். நாகர்கோவில்காரர். எங்கள் தொழிற்சாலையில் எஞ்சின் பிரிவில் பிட்டர். என்னிடம் தினமும் டோக்கன் கொடுத்து ஸ்பேனர் வாங்குவாரே, அவர்தான். ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, நான் வேணும்னா ஒரு ஞாயித்துக்கெழம வந்து பாக்கட்டா?" என்றார்.

"வேண்டாம்ணே. கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" என்றேன். அன்றைக்கு முடிந்திருந்தது ஒரு சக்கரம்.

எப்படியோ ஏழாவது மாதம் அது ஸ்கூட்டர் மாதிரி ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. முன்பாதி பச்சை, பின்பாதி ஒரு மாதிரியான பழுப்பு. எல்லாம் பூட்டி முடித்த பிறகும் பதினோரு சாமான்கள் மிச்சம் இருந்தன.

"இதெல்லாம்?" என்றாள் கோமதி.

"வெளிநாட்டுக்காரன் எப்பவும் கொஞ்சம் கூடுதலா வைப்பான். அவனுக்கு இரும்பு மலிவு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவரத் திறமை போதாது எனக்கு.

நாற்பத்தாறாவது உதையில் வண்டி கிளம்பியது. குவார்ட்டர்ஸ் முழுக்க வெள்ளைப் புகை மூடியது. கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று எதிர்வரிசையில் கதவு ஜன்னல்களைப் படபடவென்று சாத்தினார்கள். நான் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் கோமதிக்குப் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அறிவியல் ஆசிரியை வேலை. காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு, மாதிரிப் பாடம் ஒன்று நடத்திக் காட்ட வேண்டும். ஒன்றரை வருஷமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போனவளுக்கு வந்த முதல் அழைப்பு. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று ஒளிவிலகல் பாடம் நடத்திப் பழகினாள்.

"பஸ்லயே போயிருதேங்க" என்றாள் முதல் நாளே.

"வீட்டுல வண்டியை வச்சுக்கிட்டு பஸ்ஸா? சேலையெல்லாம் கசங்கிப் போய் நிப்பியா அங்க?"

"கசங்குனாலும் போய்ச் சேந்துருவேன்லா?"

இதில் எனக்கு மானப் பிரச்சினை வந்துவிட்டது. ஏழு மாத உழைப்பை, கட்டிய மனைவியே நம்பவில்லை என்றால் எப்படி? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், சாப்பிடாமல் படுத்தேன். என் தொல்லை தாங்காமல் அவள் ஒப்புக்கொண்டாள். அதுதான் இந்தக் கதையில் அவள் செய்த ஒரே தப்பு.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். நீலச் சுங்குடிச் சேலை, மடியில் சான்றிதழ் பைல். அந்தக் கால வண்டியில் முன்சீட்டு தனி, பின்சீட்டு தனி. கோவர்த்தனகிரி தாண்டும்வரை ராஜ ஊர்வலம்தான். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள் என்பது உண்மை. ஆனால் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனார்கள்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வண்டியை நிறுத்தினேன். ஆடுகள் போனதும் கியர் போட்டேன். விழவில்லை. இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். சட்டென்று விழுந்தது. கிளட்ச் கையிலிருந்து நழுவியது. வண்டி ஒரு துள்ளு துள்ளி முன்னால் பாய்ந்தது.

வண்டி மட்டும்.

பின்சீட்டைச் சட்டத்தோடு இறுக்க வேண்டிய போல்ட்டுகள் அந்தப் பதினோரு உபரிச் சாமான்களில் இருந்தன. சீட்டும், சீட்டின் மேல் கோமதியும், கோமதியின் மடியில் பைலும் இருந்த இடத்திலேயே தார்ரோட்டில் இறங்கிவிட்டன. ஸ்டூலிலிருந்து தரைக்கு வந்த மாதிரி. சேலைகூடக் கசங்கவில்லையாம்.

எனக்கு எதுவும் தெரியாது. நாலு நாளாக மனசில் எழுதி வைத்திருந்த பேச்சை அப்போதுதான் ஆரம்பித்தேன். "பாத்தியா கோமதி, ஒரு மனுஷன் முயற்சி பண்ணினா எதையும் சாதிக்கலாம். நீ என்னை நம்பல. இப்ப என்ன சொல்றே?" பதில் இல்லை. வாயடைத்துப் போய்விட்டாள் என்று பூரித்தேன். வண்டி வேறு லேசாகி, வேகம் பிடித்தது. எஞ்சின் இப்போதுதான் சூடாகியிருக்கிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன். ஒரு மைலுக்கு மேல் பேசிக்கொண்டே போனேன். சென்னீர்குப்பம் பக்கத்தில் ஒரு பால்காரர் சைக்கிளைக் கிட்டே கொண்டுவந்தார்.

"அண்ணாத்தே, யார்கிட்ட பேசிகினு போறே?"

திரும்பிப் பார்த்தேன். பின்னால் நாலு ஓட்டைகள் இருந்தன. அவ்வளவுதான். பதறிப் போய் நிறுத்தினேன். எஞ்சினும் நின்றது. அப்புறம் அது அன்றைக்குக் கிளம்பவே இல்லை.

வண்டியைத் திருப்பித் தள்ள ஆரம்பித்தேன். அவளுக்கு என்ன ஆச்சோ, அடி பட்டிருக்குமோ என்று தவித்துக்கொண்டு நூறடி போயிருப்பேன். எதிரே ஆவடியிலிருந்து வந்த பஸ் என்னைக் கடந்தது. ஜன்னலோரம் கோமதி. மடியில் ஸ்கூட்டர் சீட்டு, அதன் மேல் பைல். "கோமதி!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நேராக முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸும் நிற்கவில்லை.

நான் மறுபடி வண்டியைத் திருப்பினேன்.

பள்ளிக்கூட வாசலுக்கு வியர்வையில் குளித்துப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. அங்கே உள்ளே நடந்ததைப் பிற்பாடு அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். சீட்டை வெளியே வைத்தால் யாராவது எடுத்துப்போய்விடுவார்கள் என்று கையோடு உள்ளே கொண்டுபோயிருக்கிறாள். தலைமையாசிரியை, "அது என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு வாரம் பழகிய ஒளிவிலகல் அந்த நிமிஷம் சுத்தமாக மறந்துவிட்டதாம். சீட்டை மேசைமேல் வைத்து, அதன் மேல் பைலை வைத்து, "நிலைமம் பத்திச் சொல்லுதேன் மேடம்" என்று ஆரம்பித்துவிட்டாள். ஓய்வில் இருக்கும் பொருள், வெளிவிசை ஒன்று செயல்படாதவரை ஓய்விலேயே இருக்கும். வண்டி நகர்ந்தது, நான் நகரவில்லை. காரணம், அந்த விசை சீட்டுக்கும் எனக்கும் வந்து சேரவில்லை. ஏனென்றால் போல்ட்டு போடவில்லை.

"அப்ப அந்த விசை இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார் தலைமையாசிரியை.

"பின்னால வண்டியத் தள்ளிக்கிட்டு வருது மேடம்."

வேலை அங்கேயே கிடைத்துவிட்டது. இது எதுவும் தெரியாமல் நான் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, தலைமையாசிரியையே வெளியே வந்து என்னையும் வண்டியையும் நிதானமாகப் பார்த்தார். "ஓ, இவர்தானா அந்த வெளிவிசை?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோமதி சீட்டை என் கையில் கொடுத்தாள். "நான் பஸ்ல போறேன். நீங்க பையப் பைய வாங்க" என்றாள். அடி பட்டதா என்று நான் கேட்பதற்குள் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டாள்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தேவசகாயம் அண்ணன் வண்டியை மறுபடி மூன்று மூட்டையாக்கி, அதைவிட நல்ல வண்டியாகப் பூட்டிக் கொடுத்தார். பாதிச் சாமான் ஜமால் பாய் சும்மா கொடுத்தது. ("நான் சொன்னேனா இல்லியா தம்பி?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார், அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.) ஓட்டப் பழகியது கோமதி. வருஷக்கணக்கில் அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். நான் பின்சீட்டில். நாலு போல்ட்டையும் தொட்டுப் பார்க்காமல் ஏறியதில்லை.

இருபத்தெட்டு வருஷம் அவள் ஒன்பதாம் வகுப்புக்கு நிலைமம் நடத்தினாள். ஒவ்வொரு வருஷமும் இதே உதாரணம்தான். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் நான் எங்கே போனாலும் யாராவது ஒருவர் என்னை உற்றுப் பார்ப்பார். போன மாதம் பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த டாக்டர் பெண், "சார், கோமதி மிஸ்ஸை ரோட்ல விட்டுட்டுப் போனது நீங்கதானே?" என்று கேட்டாள். வாயில் பஞ்சு. தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மணி அடித்தேன். கதவைத் திறந்த என் மகள் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"அம்மா, வெளிவிசை வந்திருக்கு. இன்னைக்கு ஓய்வு நிலைல இருக்கு."