கோடு போட்ட டயரும் கியர் அண்ணையும்

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒருவர்தான் கொழும்பிலேயே அதிவேகமான மனிதர் என்று சொன்னால், பிள்ளைகளே, நீங்கள் சிரிப்பீர்கள். நான் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவன். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் லொட்ஜ். அதில் ஏழாம் அறைக்காரர் அவர். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்க் கியர் அண்ணை என்றே ஆகிவிட்டார்.

பஞ்சிகாவத்தையில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் அவருக்கு வேலை. எங்கள் பக்கத்துப் பெரிய தெருவான காலி வீதியில் நடக்கும்போது இடது கையால் கியர் மாற்றுவார். முடக்கு வந்தால் உடம்பைச் சரித்துத் திரும்புவார். முன்னால் யாராவது ஆறுதலாக நடந்தால், முந்துவதற்கு இடம் பார்த்துப் பார்த்துத் தவித்துப்போவார். குளிக்கப் போனால் வெளியில் நிற்கிறவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்ல வேண்டும். பாதி நாள் காதுக்குள் சோப்பு நுரையோடுதான் வேலைக்குப் போனார்.

கார்ப் பந்தயம் என்றால் அவருக்கு உயிர். அந்த வருடம் வெளிநாட்டுப் பந்தயக்காரர்கள் ஒரு புது விதி கொண்டுவந்தார்கள். அதுவரை பந்தயக் கார்களின் டயர் வழுவழுவென்று இருக்கும். இனிமேல் அதில் கோடு வெட்ட வேண்டுமாம். கோடு வெட்டினால் தரையில் பிடிப்புக் குறையும். முடக்குகளில் கார் மெதுவாகத்தான் போக வேண்டிவரும். கியர் அண்ணை இதைச் செத்தவீட்டுச் செய்தி மாதிரிக் கேட்டார். இரண்டு நாள் சோறு தின்னவில்லை. முகம் மழிக்கவில்லை. லொட்ஜுக்குப் புதிதாய் வந்தவர்கள், அவருக்கு வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துக் கைகொடுத்தார்கள். அவரும் வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் அறையில் வங்கி எழுதுவினைஞர் ஒருவர் இருந்தார். அவர் விதியின் கட்சி. மெதுவாக ஓடினால் சாவு குறையும்தானே என்றார்.

"சாகாமல் இருக்க வேணுமெண்டால் பந்தயத்துக்கு ஏன் போறான்? வீட்டில இருக்கட்டுமன்" என்றார் கியர் அண்ணை.

"வீட்டில இருந்து தப்பினவன் ஆர் எங்கட ஊரில?" என்றார் வங்கிக்காரர்.

அது சண்டைக்காலம். நாங்கள் எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர்கள். கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்து ஒரு துண்டு வைத்திருக்க வேண்டும். என் துண்டின் தவணை முடிந்து இரண்டு நாள். திங்கட்கிழமை போய்ப் புதுப்பிக்கலாம் என்று இருந்தேன். அது கியர் அண்ணைக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருடத்து முதல் பந்தயம் ஞாயிறு காலை. சனி பின்னேரம் அவர் ஒரு பழைய கலண்டர் தாளைக் கொண்டுவந்து, பந்தயப் பாதையைக் கீறித் தரச் சொன்னார். எனக்குப் படிப்புக் குறைவு, ஆனால் கோடு நேராக வரும். பாதை ஒரு குளத்தைச் சுற்றிப் போனது. புது டயர் எந்தெந்த முடக்கில் காலை வாரும் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த இடங்களில் சிவப்பால் பெருக்கல்குறி மாதிரிப் புள்ளடி போட்டேன். எத்தனை மணிக்கு வாரும் என்றும் சொன்னார். அதையும் பக்கத்தில் எழுதினேன். இரண்டுபேருமாகக் கூடத்துச் சுவரில் ஒட்டினோம். அப்படியொரு தாளைச் சுவரில் ஒட்டுகிற காலமா இது என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவேயில்லை.

ஞாயிறு காலை ரீவியில் கார்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தபோது லொட்ஜைப் பொலிஸும் ஆமியும் சுற்றி வளைத்தன. எங்களைக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரின் துண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் கடைசி ஆள். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது அதிகாரி சுவரைப் பார்த்தார். குளம், சுற்றிவரப் பாதை, சிவப்புப் புள்ளடி, நேரம். இது பேரே வாவிதானே என்று சிங்களத்தில் கேட்டார். கொழும்பின் நடுவில், ஆமி முகாம்களுக்குப் பக்கத்தில் இருக்கிற குளம் அது; நான் அதுவரை அதைக் கண்டதுகூட இல்லை. யார் கீறியது என்று கேட்டார்.

நான் தவணை முடிந்த துண்டைச் சட்டைப்பைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். கியர் அண்ணை வரிசையை விட்டு முன்னுக்கு வந்து, தான்தான் கீறியது என்றார். பஞ்சிகாவத்தைச் சிங்களத்தில் டயரையும் கோட்டையும் விதியையும் ரீவியைக் காட்டிக் காட்டி விளக்கினார். ஓர் இளம் பொலிஸ்காரர் ஆர்வமாகத் தலையாட்டி, அந்த விதியால் பந்தயமே நாசம் என்றும் சொல்லிவிட்டார். அதிகாரி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த இளம் பொலிஸ்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாளைக் கிழித்துச் சுருட்டினார்கள். கியர் அண்ணையை ஜீப்பில் ஏற்றும் அவசரத்தில் வரிசையில் மிச்சம் இருந்தவர்களின் பொலிஸ் துண்டுகளை யாரும் பார்க்கவில்லை. வாசலில் அவர் திரும்பி, "தம்பி, ஒவ்வொரு சுற்றா எழுதி வை. ஒண்டும் விடாத" என்றார்.

ரீவியில் பந்தயம் தொடங்கியது. எனக்கு எந்தக் கார் யாருடையது என்று தெரியாது. வங்கிக்காரர்தான் பக்கத்தில் இருந்து நிறம் பார்த்துச் சொன்னார். நான் கொப்பியில் எழுதினேன். கியர் அண்ணை சொன்ன முடக்குகளில் ஒரு காரும் சறுக்கவில்லை.

பதினொரு நாள் போனது. அவரது கடை முதலாளி, சிங்களவர், மூன்று தரம் பொலிஸுக்குப் போய் நின்ற பிறகுதான் விட்டார்கள். கியர் அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். பாயில் மெல்லச் சரிந்து, "எழுதினியோ?" என்றார்.

நான் கொப்பியை எடுத்தேன். வாசிக்க முதல் கேட்டேன்: "கீறினது நானெல்லோ அண்ணை. ஏன் நீங்கள் எண்டு சொன்னியள்?"

"என்னட்டைத் துண்டு இருந்தது. உன்னட்டை இல்லை." கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டுபேரும் போயிருந்தால் ஆரடா பாத்து எழுதுறது? வாசி."

வாசித்தேன். முந்தின வருடத்தைவிட மெதுவாகத்தான் ஓடியிருக்கிறாங்கள் என்று இரண்டு தரம் முணுமுணுத்தார். பாதிப் பந்தயத்துக்குள் நித்திரையாகிவிட்டார். நான் நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு கடைசிச் சுற்றுவரை வாசித்தேன்.