ரோட்டில் மட்டும் வருகிற நோவு

வடசேரிச் சந்தையில் சேனைக்கிழங்கு வாங்கித் திரும்பும்போது ஞானையனுக்கு உடம்பு வலப்பக்கமாகச் சரிந்தது. எட்டு வைக்கும்தோறும் ஓர் ஆட்டம். போன ஞாயிறு வரை இல்லாத சங்கடம்.

வேறு நேரமென்றால் விட்டிருப்பார். சனிக்கிழமை சபையின் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ். ஊர் முழுக்க நடக்க வேண்டும். விளக்கைப் பிடித்து முன்னால் நடப்பது யார் என்று போன ஞாயிறு அவருக்கும் ஜாஸ்பருக்கும் கோயிலுக்குள்ளேயே தர்க்கம். ஜாஸ்பர் ஒரு மாதிரி ஆள். கோயிலுக்குள் தாழ்மையாக இருப்பார், வாசல் இறங்கினதும் உயர்ந்துவிடுவார். போதகர் ஞானையன் பக்கம் தீர்ப்புச் சொன்னதும், இருவரும் முகம் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு விருட்டென்று கிளம்பிவிட்டார்கள்.

வீட்டில் மனைவி லீலாபாய் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தாள். அடுக்களைக்கும் வாசலுக்கும் நேராகத்தான் நடந்தார்.

"கடைக்கு விட்டா மட்டும் வாற நோவு, கொள்ளாமே" என்றாள்.

ரோஷத்தில் பூதப்பாண்டி வர்ம ஆசானிடம் போனார். நரம்பு பிசகியிருக்கிறது என்று ஆசான் முட்டுக்காலை இடுப்பில் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கினார். போகும்போது சரிவு மட்டும் இருந்தது. திரும்பும்போது வலியும் கூட வந்தது.

துபாயிலிருந்து மச்சினன் போனில் இடுப்புக்குப் பெல்ட் கட்டச் சொன்னான். கட்டியபின் குனிந்து தன் காலையே பார்க்க முடியாமல் ஆனார்.

அந்தக் கோலத்தில் போகையில் எதிரே ஜாஸ்பர். அவரும் சரிந்து சரிந்து வந்தார், ஆனால் இடப்பக்கமாக.

"எனக்குப் பளிப்பு காட்டுதான் பாத்தியா" என்று வீட்டில் வந்து பொரிந்தார் ஞானையன். "அதும் எந்தப் பக்கம்னு தெரியாம."

கடைசியில் லீலாபாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு டாக்டர் முன்னால் நடந்தார். கோடு போட்டதுபோல் நடந்தார். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். கால் மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, மூத்திரம் அடைத்தாலோ உடனே ஓடிவர வேண்டும். இப்போது நரம்பில் ஒரு கோளாறும் இல்லை, ஆசான் அமுக்கிய இடம்தான் வீங்கியிருக்கிறது என்றார். பெல்டைக் கழற்றி வாங்கி லீலாபாய் கையில் கொடுத்தார்.

வெளியே வந்து செருப்பை மாட்டினார் ஞானையன். மறுபடியும் சரிந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் மனதைத் தேற்றிக்கொண்டு, விளக்கை ஜாஸ்பரிடமே கொடுத்துவிடச் சொல்லிப் போதகருக்குப் போன் போடச் சொன்னார்.

லீலாபாய் போனை எடுப்பதற்குள் ஜாஸ்பரின் மனைவி ரெனிஷா வாசலில் வந்து நின்றாள். ரோட்டை இருபுறமும் பார்த்துவிட்டு, துணிப்பையிலிருந்து ஒற்றைச் செருப்பை எடுத்து நீட்டினாள்.

"அண்ணே, இது உங்களுக்க எடக்கால் செருப்பு. அவருக்கதத் திருப்பித் தந்திருங்க, அடியில கனமா ரெண்டு ஒட்டு போட்டிருக்கும். என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குத் தொட்டே அதாக்கும் அவருக்க உயரம், சபையில யாரும் அறியண்டாம்."